சுற்று முடிந்த தண்ணீர்

மரிசெல் புரூசாவை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில், எங்கள் ஊரில், மிகக் குறைவு. அவள் கணவன் எல்வியோவைக் கேட்டால், "கல்யாணப் போட்டோவுல உக்காந்திருக்கா. அதுவும் போட்டோக்காரர் ரெண்டு தடவ கத்தினதுக்கப்புறம்" என்பான்.

வயது நாற்பத்தேழு. குள்ளமான உருவம், கத்தரித்த முடி, எப்போதும் ஏதாவது ஒன்றைத் துடைத்துக்கொண்டிருக்கும் கை. வீட்டிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போவாள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் காலைத் தரையில் ஊன்றாமல் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருப்பாள்.

பதினெட்டு வருடம் ஒரு மயோனெய்ஸ் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் இருந்தாள். எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று கண்டால் ஆகாதவை. அவற்றை ஒரே பாட்டிலில் ஆறு மாதம் சண்டையில்லாமல் குடியிருக்க வைப்பதுதான் வேலை. தொழிற்சாலையை மூடினார்கள். அதற்கடுத்த வாரமே துறைமுகத்துக்குத் தெற்கே, பழைய தானியக் கிடங்கொன்றை இடித்துக் கட்டிய ஆய்வகத்தில் போய் நின்றாள். ஆய்வகத்தின் தலைவி டாக்டர் சில்வினா கராசினோ அவளிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆர்.என்.ஏ. பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியாது டாக்டர். ஆனா பிரியப் போற கலவைய வாசல்ல நின்னே கண்டுபிடிச்சிடுவேன்."

டாக்டர் அவளை மேசைக்கு அழைத்துப்போய் மூன்று குப்பிகளைக் காட்டினார். மரிசெல் நடுக் குப்பியைத் தொடாமலே சுட்டினாள். வேலை கிடைத்தது. இது நடந்து ஆறு வருடம் ஆகிறது.

அங்கே ஹான்டா காய்ச்சலுக்கு ஒரு தடுப்பூசி முயற்சி நடக்கிறது. பரானா ஆற்றுத் தீவுகளில் நீள்வால் எலிகளால் பரவும் காய்ச்சல் அது. ஊசியில் இருக்கவேண்டிய விஷயம் ஓர் ஆர்.என்.ஏ. இழை, உடம்புக்குக் கொடுத்தனுப்பும் ஒரு சீட்டு மாதிரி. ஆனால் அதைப்போல நோஞ்சான் பொருள் வேறு கிடையாது. வெறும் விரல் பட்டால் போயிற்று. பக்கத்தில் நின்று தும்மினால் போயிற்று. அப்படியே இரத்தத்தில் விட்டால் போய்ச் சேருமுன் சிதைந்துவிடும். ஆகவே கொழுப்பில் பொதிந்து அனுப்புகிறார்கள். நாலு வகைக் கொழுப்பை ஆல்கஹாலில் கரைத்து ஒரு சிரிஞ்சில் எடுப்பார்கள். புளிப்பேற்றிய நீரில் ஆர்.என்.ஏ.வைக் கலந்து இன்னொரு சிரிஞ்சில் எடுப்பார்கள். பம்ப் இரண்டையும் ஒரே சீராகத் தள்ளும். பாதித் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சிப்புக்குள், முடி நுழையும் அகலக் கால்வாய்களில், இரண்டும் மோதிக்கொள்ளும். அந்தக் கணத்திலேயே கொழுப்பு ஆர்.என்.ஏ.வைச் சுற்றி உருண்டைகட்டும். தலைமுடியின் தடிப்பை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் ஓர் உருண்டை. எண்பது நானோமீட்டர். எழுபதுக்கும் நூறுக்கும் நடுவில், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக வந்தால் அது நல்ல பேட்ச்.

"இதுவும் மயோனெய்ஸ்தான்" என்பாள் மரிசெல். "என்ன, ரொட்டியில தடவ முடியாது."

சிப்பைச் செய்தவன் ஃபப்ரிசியோ. முப்பத்தொரு வயதுப் பொறியாளன். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. அவளுக்கு அவன் 'ஒல்லி', அவனுக்கு அவள் 'மரி'. கால்பந்தில் அவன் சென்ட்ரல் அணிக்காரன், அவள் நியூவெல்ஸ் அணிக்காரி. எங்கள் ஊரில் இந்த இரண்டு பேரை ஒரே அறையில் வேலைசெய்ய வைப்பதைவிட எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைப்பது எளிது. ஆனாலும் ஒத்துப்போனார்கள். அதற்குக் காரணம் காலை மாத்தே. கசப்பு இலைத்தூளில் வெந்நீர் ஊற்றி, ஒரே குவளையை எல்லோரும் மாறி மாறிக் குடிப்பது.

ஆய்வகத்துக்குள் எதையும் குடிக்கக் கூடாது. பக்கத்துச் சிறிய சமையலறையில்தான் சுற்று. மரிசெல், ஃபப்ரிசியோ, கூட்டித் துடைக்கும் சுல்மா என மூன்று பேர். மின்கெட்டிலில் 'மாத்தே' என்று போட்ட குறிக்குத் திருப்பினால் தண்ணீர் கொதிப்பதற்குமுன் அணைந்துவிடும். அதை ஃபப்ரிசியோவின், சென்ட்ரல் அணியின் மஞ்சள்-நீல நிற ஃப்ளாஸ்கில் ஊற்றுவார்கள். மரிசெல் நின்றுகொண்டே ஊற்றிக் கொடுப்பாள். குவளை கைமாறும், திரும்பி வரும், மறுபடி போகும். அந்த ஃப்ளாஸ்கின் மூடியில் ஒரு விரிசல் உண்டு.

"உங்க டீம் மாதிரியேதாண்டா இதுவும்" என்பாள் மரிசெல். "முதல் பத்து நிமிஷம் சூடு. அப்புறம் ஆறிப்போயிடும்."

"ஆறினாலும் எங்க ஃப்ளாஸ்க் மேல்பிரிவுலதான் இருக்கு" என்பான் அவன்.

சுல்மா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு, "எனக்கு ரெண்டாவது ரவுண்டு வரலையே" என்பாள்.

இப்படி முக்கால் மணிநேரம் போகும். அதன்பின் வேலை.

இந்த வருடம் ஜூலையில் ஆய்வகத்துக்கு ஒரு கெடு இருந்தது. அடுத்தடுத்து மூன்று பேட்ச், ஒரே செய்முறையில், மூன்றும் அளவுக்குள் வரவேண்டும். மாத முடிவுக்குள் அந்தத் தாள்களை ஒப்படைத்தால் முயற்சி அடுத்த கட்டத்துக்குப் போகும். தவறினால் வரிசையில் அடுத்த இடம் மார்ச்சில்தான். முதல் பேட்ச் எண்பத்திரண்டு. இரண்டாவது எண்பத்தைந்து. இரண்டிலும் செய்தவர் என்ற இடத்தில் மரிசெல் புரூசா என்று கையெழுத்து. மூன்றாவது, பதினேழாம் தேதி புதன்கிழமை.

செவ்வாய் சாயங்காலம் எல்வியோ வீட்டுக்கு வந்து தொப்பியை மேசையில் போட்டான். அவன் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"நாளைக்கு ஒரு வண்டியும் ஓடாது. சங்கம் சொல்லிடுச்சு."

"எனக்கென்ன, சைக்கிள் இருக்கு."

"அதான் உனக்கு வேலைநிறுத்தம்னா என்னன்னே தெரியல, கிழவி. நீ ஒரு நாள் நின்னா ஊரே நின்னுபோயிடும்னு நெனப்பு."

புதன் காலை ஏழரைக்கே போய்விட்டாள். உறைபெட்டியிலிருந்து ஆர்.என்.ஏ. குப்பியை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்தாள். ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைக்க முடியாது. அன்றே பயன்படுத்தியாக வேண்டும். அது உருகிய பிறகுதான் ஃபப்ரிசியோவின் போன் வந்தது.

"மரி, வண்டியே இல்ல. டாக்ஸிக்கு நாப்பது பேரு வரிசையில நிக்கிறாங்க. உன் புருஷனுக்கு என் அன்பைச் சொல்லு."

"சொல்றேன். சிப்பு எங்க?"

"மேல் அலமாரியில, புதுசு. போன வாரம் பிரிண்டர்ல அடிச்சது. பழசு வேண்டாம், ஓரத்துல கீறல் இருக்கு. நீ ஒத்தையா செஞ்சிடுவியா?"

"குளிக்கிறதையும் ஒத்தையாதாண்டா செய்யறேன்."

சுல்மாவும் வரவில்லை. கட்டடம் முழுக்கச் சில்லென்று இருந்தது. அந்த மாதம் எரிவாயு அழுத்தம் குறைந்து கணப்பு எரியவில்லை. அறைக்குள் பதின்மூன்று டிகிரி. கொழுப்புக் குப்பியின் அடியில் வெள்ளையாகப் பனி படிந்ததுபோல் கொஞ்சம் இறங்கியிருந்தது. குளிரில் அப்படித்தான் ஆகும். 'அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, தெளியும்வரை காத்திருக்கவும்' என்று செய்முறைத் தாள் சொல்கிறது. அந்தத் தாளை ஜனவரியில் எழுதினார்கள். ஜனவரி எங்கள் ஊரில் கோடை; அப்போது அறை வெப்பம் என்றால் சட்டை முதுகில் ஒட்டும்.

குப்பியைச் சூடாக்க வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. ஜூனில் பழுதாகி, உதிரிப்பாகத்துக்காகப் போனது போனதுதான். அன்றுமுதல் மரிசெல் சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் எடுத்துவந்து குப்பியைப் பத்து நிமிடம் அதில் நிறுத்திவைப்பாள். மூடியைக் கொஞ்சம் தளர்த்திவைப்பாள். தொழிற்சாலையில் ஒருமுறை சூடேறிய பாட்டில் மூடி பறந்துபோய்க் கூரை விளக்கை உடைத்ததிலிருந்து வந்த பழக்கம் அது. வெள்ளை கரையும், தெளியும், வேலை நடக்கும். யாரிடமும் மறைக்கவில்லை. யாரும் எழுதச் சொல்லவுமில்லை.

அன்றும் அப்படியே செய்தாள். மாத்தே மட்டும் குடிக்கவில்லை. தனியாக மாத்தே குடிக்க உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். கெட்டில் அணைந்த சத்தம் கேட்டது, தண்ணீரை ஊற்றினாள், குப்பியை இறக்கினாள். கடைசியில் சிரிஞ்சை நிரப்பும்போது குப்பியைச் சாய்த்து அடிவரை உறிஞ்ச வேண்டியிருந்தது. வழக்கமாக நகக்கண் அளவு மிச்சமிருக்கும். அவள் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு நகர்ந்தாள்.

வியாழன் காலை அளக்கும் கருவி நூற்று முப்பத்தொன்று என்றது.

மரிசெல் இன்னொரு துளி எடுத்து வைத்தாள். நூற்று இருபத்தெட்டு. கருவியை அணைத்து மறுபடி போட்டாள். நூற்று முப்பத்து மூன்று. ஒரே அளவாகவும் இல்லை. சின்னதும் பெரியதுமாக, சந்தையில் கூடை கவிழ்ந்த மாதிரி. எண்பது இருக்கவேண்டிய இடத்தில் இப்படி வந்தால் அது மருந்தாகாது. கீழே கொட்டவேண்டிய தண்ணீர்.

ஃபப்ரிசியோ அன்று நடந்தே வந்திருந்தான். திரையைப் பார்த்தான். அவன் முகம் சட்டென்று வெளுத்துவிட்டது.

"புது சிப்பு" என்றான்.

"இன்னும் தெரியாது."

"வேற என்ன மாறியிருக்கு, சொல்லு? நீ மாறல. பம்ப் மாறல. கொழுப்பு அதே டப்பா. சிப்பு மட்டும்தான் புதுசு. சிப்பு அடிக்கிற பிசினை மாத்தினேன், மரி. பழசு தீந்துபோச்சு."

டாக்டர் கராசினோ வந்து பார்த்தார். அவரும் அதையேதான் கேட்டார். என்ன மாறியது? புது சிப். அவர் பெருமூச்சு விட்டதில் ஒரு நிம்மதியும் இருந்தது. "நாளைக்குப் பதினொரு மணிக்குக் கூட்டம். சிப்புதான்னா இந்த ஒரு பேட்சை மட்டும் தள்ளிடலாம். பழைய சிப்புல கீறல் ஓரத்துலதானே, அதுலயே வர்ற புதன்கிழமை திரும்பச் செய்யலாம். கெடுவுக்குள்ள வந்துடும்." பிறகு ஃபப்ரிசியோ பக்கம் திரும்பி, "உங்க ஒப்பந்தம் ஆகஸ்ட்ல புதுப்பிக்கணும் இல்ல?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்ட பிறகு அவருக்கே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அந்த நாள் முழுக்க மரிசெல் சுற்றினாள். சிப்பை உருப்பெருக்கியில் வைத்துக் கால்வாய் கால்வாயாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பம்பின் வேகத்தை வெறும் தண்ணீரில் ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. புளிப்பு நீரைச் சோதித்தாள். சரியாக இருந்தது. கையுறைப் பெட்டியின் தேதியைக்கூடப் பார்த்தாள். மேசையை மூன்றாவது முறை துடைத்தபோது ஃபப்ரிசியோ அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்கினான்.

"போதும், மேசை தேஞ்சிடும். வீட்டுக்குப் போ."

"நீ?"

"நான் உக்காந்து அழறேன். உனக்குத்தான் உக்காரத் தெரியாதே."

வீட்டில் எல்வியோ சமையலறையில் இருந்தான். வேலைநிறுத்தம் இரண்டாம் நாள். மாத்தே குவளையில் இலைத்தூளை நிரப்பிவைத்து அவளுக்காகக் காத்திருந்தான். சாயங்காலம் நாலு மணி. மரிசெல் கெட்டிலைத் தட்டினாள், அது அணைந்ததும் எடுத்துக் குவளையில் ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

"குடியேன்."

"கெட்டில்லேருந்து நேரா ஊத்தினதை யாரு குடிப்பா? நாக்கு வெந்துபோயிடும். நீ முதல்ல குடி, நான் மூணாவதுலேருந்து குடிக்கிறேன். அதுக்குள்ள இறங்கிடும்."

மரிசெல் சாளரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"எவ்வளவு இறங்கும்?"

"எது?"

"சூடு. மூணாவதுக்குள்ள எவ்வளவு இறங்கும்?"

"எனக்கென்ன தெரியும். நான் பஸ் ஓட்டறவன். என் நாக்குக்குத்தான் தெரியும்."

அவள் ஏற்கெனவே சைக்கிள் சாவியை எடுத்துவிட்டாள். வாசலில் நின்று யோசித்து, திரும்ப உள்ளே வந்தாள். ஆய்வகத்தை நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். சாவியை மேசையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"என்னாச்சு, கிழவி?"

"நேத்து நான் மாத்தே குடிக்கல."

எல்வியோ அவளை ஒரு நிமிடம் பார்த்தான். "இதுக்கா முகம் இப்படி இருக்கு?" என்றான்.

முதல் இரண்டு பேட்சுக்கும் குப்பியை இறக்கியது சுற்று முடிந்த தண்ணீரில். முக்கால் மணிநேரம், மூன்று பேர், விரிசல் விட்ட மூடி. ஃப்ளாஸ்கின் அடியில் மிஞ்சியதைத்தான் அவள் டம்ளரில் எடுத்துப்போனாள். புதன்கிழமை சுற்று இல்லை. பேருந்து இல்லை, ஒல்லி இல்லை, சுல்மா இல்லை, ஃப்ளாஸ்கும் இல்லை. கெட்டிலிலிருந்து நேராக டம்ளருக்கு. மாத்தேத் தண்ணீர் எண்பது டிகிரி என்று இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆல்கஹால் எழுபத்தெட்டில் கொதிக்கும் என்பது மரிசெலுக்கும் தெரியும். இரண்டும் தெரிந்தவள் இரண்டையும் சேர்த்து நினைத்ததில்லை. தளர்த்திவைத்த மூடி. குப்பியைச் சாய்த்து உறிஞ்சிய கடைசித் துளி.

வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆய்வகத்தில் இருந்தாள். பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஒரு வெற்றுக் குப்பியில் வெறும் ஆல்கஹாலை ஊற்றி எடைபோட்டாள். கெட்டில் தண்ணீர், எண்பத்தொரு டிகிரி. மூடியைத் தளர்த்திப் பத்து நிமிடம் வைத்தாள். எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோட்டாள். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு காற்றில் போய்விட்டது. ஆல்கஹால் குறைந்தால் கொழுப்பு அடர்த்தியாகும், உருண்டை பெருத்துவிடும். எட்டரைக்கு ஃபப்ரிசியோவும் சுல்மாவும் வந்தார்கள். வழக்கம்போலச் சுற்று நடந்தது. மரிசெல் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக்கொடுத்தாள். சுற்றை முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தவும் இல்லை. கடைசியில் அடியில் மிஞ்சியதில் வெப்பமானியை விட்டாள். ஐம்பத்து நாலு. அதே குப்பி, அதே பத்து நிமிடம். எடையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை.

ஃபப்ரிசியோ சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விளக்கினாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப என் சிப்பு நல்ல சிப்பு."

"நல்ல சிப்பு."

"சரி. நீ வாயத் தொறக்காத."

மரிசெலுக்கு விளங்கவில்லை.

"கணக்குப் போட்டுப் பாரு, மரி. சிப்பு மேல போட்டா ஒரு பேட்ச் போகும். தண்ணி மேல போட்டா மூணும் போகும். நல்லா வந்த ரெண்டும் தாள்ல இல்லாத வேலையில வந்ததுதானே? ஐம்பத்து நாலு டிகிரின்னு எங்க எழுதியிருக்கு? மூடி விரிசல் விட்ட ஃப்ளாஸ்க்னு எங்க எழுதியிருக்கு? டாக்டர் மூணையும் தள்ளியாகணும். ஜூலை போச்சு. மார்ச்சுதான்."

"உன் ஒப்பந்தம்?"

"பாத்துக்கலாம்."

"என்னத்தடா பாத்துக்குவ? நல்லா இருக்கிற சிப்பைக் கெட்டதுன்னு எழுதினா அப்புறம் யாரு அதை வாங்குவா?"

"வர்ற புதன்கிழமை பழைய சிப்புல நீ ஐம்பத்து நாலுல செஞ்சா எண்பத்தி மூணு வரும். எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. தீவுல இருக்கிறவனுக்கும் ஊசி ஏழெட்டு மாசம் முன்னாடி கிடைக்கும். அத நெனச்சுப் பாரு."

அவன் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் குடைந்தது. ஒன்பதரையிலிருந்து பதினொன்றுவரை அவள் நடந்தாள். தாழ்வாரத்தின் இந்த முனை, அந்த முனை. ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு தானியக் கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. சுல்மா துடைத்த ஈரத் தரையில் அவள் நாலு முறை கால்வைத்தாள். ஐந்தாம் முறை சுல்மா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினாள்.

"ஒண்ணு அந்தப் பக்கம் நில்லு, இல்ல இந்தப் பக்கம் நில்லு. நடுவுல எனக்கு வேலை இருக்கு."

தொழிற்சாலையில் ஒருமுறை இப்படி நடந்ததுண்டு. ஒரு கலவை பிரிந்தது, பழியை முட்டைத்தூள் விற்றவன் மேல் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே மாதிரி பிரிந்தது. அப்போது முட்டைத்தூள் வேறு ஆளுடையது. உண்மையான காரணம் அதுவரை அப்படியே உட்கார்ந்திருந்தது. மரிசெலுக்கு அது நினைவுக்கு வந்தது. எழுதாத வெந்நீர் அடுத்த குளிர்காலம்வரை உட்கார்ந்திருக்கும். அவள் விடுப்பில் போகும் ஒரு நாளில் வேறொருத்தி கெட்டிலைத் தட்டுவாள். அன்றைக்குக் கலவை போய்ச் சேருமிடம் அளக்கும் கருவியாக இல்லாமல், ஊசி வழியாக ஒருவன் கையாகவும் இருக்கலாம்.

பதினொரு மணிக்குக் கூட்டத்தில் டாக்டர் காகிதத்தைத் திறந்து, "சிப் பற்றி" என்று தொடங்கினார்.

"சிப்புல ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள் மரிசெல். நின்றுகொண்டுதான் சொன்னாள். "நான் மாத்தே குடிக்காததுதான் காரணம்."

ஃபப்ரிசியோ கண்ணை மூடிக்கொண்டான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மரிசெல் குப்பியையும் எடைச்சீட்டையும் மேசையில் வைத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"உங்க சுற்று எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் டாக்டர்.

"முக்கால் மணி. சுல்மா பேச ஆரம்பிச்சா ஒரு மணி."

"எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"மூணு பேரு" என்று டாக்டர் திரும்பச் சொன்னார். "நாலாவது ஆளா நான் வந்து உக்காந்திருந்தா இன்னும் ஆறியிருக்கும். அதுவும் வேற பேட்சா வந்திருக்கும், இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப எண்பத்திரண்டும் எண்பத்தஞ்சும் நம்ம செய்முறையில வந்தது இல்ல. இவன் ஃப்ளாஸ்க்ல வந்தது." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மரிசெல், நேத்தே இத என்கிட்ட சொல்லியிருந்தா நான் நேத்தே அழுதிருப்பேன். இப்ப வெள்ளிக்கிழமை அழணும்."

"நேத்து எனக்கே தெரியாது டாக்டர்."

"அது வேற."

மூன்று பேட்சும் தள்ளப்பட்டன. ஜூலை போனது. மார்ச் வரிசைக்குப் பெயர் கொடுத்தார்கள். டாக்டர் இரண்டு காரியம் செய்தார். ஃபப்ரிசியோவின் ஒப்பந்தத் தாளில் அன்றே கையெழுத்திட்டார். அடுத்து, மரிசெலின் பெயரைச் செய்பவர் இடத்திலிருந்து மூன்று மாதத்துக்கு எடுத்தார். இனி மூன்று மாதம் ஃபப்ரிசியோ செய்வான். மரிசெல் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்யும் ஒவ்வொன்றையும், மூடியைத் திருகுவது உட்பட, மணி நிமிடத்தோடு எழுத வேண்டும்.

"உக்காந்தா?" என்றாள் மரிசெல்.

"உக்காந்து" என்றார் டாக்டர். "நின்னுக்கிட்டு எழுதினா உங்க கையெழுத்து யாருக்கும் புரியல."

என்ன தவறு நடந்தது என்ற அறிக்கையையும் அவளே எழுதினாள். 'மாத்தே' என்ற சொல் அதில் பதினொரு இடத்தில் வருகிறது. அதைப் படித்த தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் தலைநகரிலிருந்து போன் செய்து, ஃப்ளாஸ்க் எந்த நிறுவனத் தயாரிப்பு என்று விசாரித்தார். கிண்டலா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை. மரிசெல் தயாரிப்பின் பெயரைச் சொன்னாள், அணியின் நிறத்தையும் சேர்த்தே சொன்னாள்.

செய்முறைத் தாளில் இப்போது ஒரு புதிய வரி இருக்கிறது. ஐம்பத்தைந்து டிகிரி நீர், வெப்பமானியோடு, மூடி இறுக்கி, பத்து நிமிடம், முன்னும் பின்னும் எடை.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் முதல் பேட்ச். வெளியே ஆலங்கட்டி மழை, அறைக்குள் பன்னிரண்டு டிகிரி. ஃபப்ரிசியோ, போன மாதம் குற்றம் சாட்டப்பட்ட அதே புது சிப்பைப் பொருத்தினான். அவள் ஒரு முக்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கால் ஒரு நொடி நிற்கவில்லை, மேசையில் இருந்த குப்பிகள் லேசாக மணியடித்தன.

"காலை நிறுத்து, பம்ப் ஆடுது" என்றான் அவன்.

"எழுதட்டுமா அதையும்?"

"எழுது. ஒன்பது இருபத்தி ரெண்டு, மரிசெல் புரூசாவின் வலது கால்."

அவள் எழுதினாள். மறுநாள் காலை கருவி எண்பத்து நாலு என்றது. ஃபப்ரிசியோ திரும்பிப் பார்த்தபோது முக்காலி காலியாக இருந்தது. சமையலறையில் கெட்டில் அணையும் சத்தம் கேட்டது, கூடவே சுல்மாவின் குரலும்: இன்றைக்காவது இரண்டாவது ரவுண்டு தனக்கு வருமா என்று.